வெந்தயத் தண்ணீர் மட்டும் குடித்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் குறையுமா?

4 பிப்ரவரி 2024, காலை (கேள்வி)

அம்மாவுக்கு 61 வயது. வெறும் வயிற்றில் 130 பக்கம் இருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240க்குக் கீழே வருவதே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரை மட்டும் குடிக்கிறாராம். மாத்திரையையே விட்டுவிட்டாராம். அம்மாவும் அப்படியே செய்யப்போகிறேன் என்கிறார். யாராவது நிஜமாக அளந்து பார்த்திருக்கிறீர்களா?

4 பிப்ரவரி, இரவு

நான் பார்த்திருக்கிறேன் தம்பி. எனக்கு ஒன்பது வருஷமாகச் சுகர். 22 வருஷம் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்மா மாத்திரையை நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வெந்தயத்தில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. அதில் ஒரு பகுதி காலக்டோமன்னன் என்ற பசை. ஒரு ஸ்பூன் வெந்தயப் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி மேஜை மேல் வைத்துவிட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்தில் ஸ்பூனைத் தூக்கினால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வரும். அந்தக் கொழகொழப்புதான் மருந்து. சோற்றோடு அது வயிற்றில் கலந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். சோற்றின் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் சுலபமாக உள்ளே புக முடியாது. உடைந்த குளுக்கோஸும் குடல் சுவரை நிதானமாகத்தான் சென்றடையும். மொத்தச் சர்க்கரை பெரிதாகக் குறைந்துவிடாது. ஒரே மூச்சில் ஏறுவது நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

முழு விதையை ஊறவைத்துத் தண்ணீரை வடித்தால் பசை முக்கால்வாசி விதையோடு தங்கிவிடும். தண்ணீரில் ஒன்றுமில்லை. எனக்கு விதையைப் பொடித்துச் சாப்பிட்டபோது 40 குறைந்தது.

5 பிப்ரவரி

காலையில் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். நேற்று எழுதியதில் இரண்டு தவறு.

ஒன்று, அந்த 40. அது ஒரே ஒரு நாள் கணக்கு. மனதில் நின்றது அதுதான். முழுக் கணக்கு இது. மதியம் ஒரே மாதிரிச் சாப்பாடு: 200 கிராம் சோறு, ஒரு கரண்டி சாம்பார், பீன்ஸ் பொரியல், கொஞ்சம் தயிர். முதல் வாய் எடுத்து வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம்.

எதுவும் சேர்க்காமல் நான்கு நாள்: 212, 238, 197, 221. சராசரி 217.

காலையில் வெந்தயம் ஊறிய தண்ணீர் மட்டும், நான்கு நாள்: 209, 231, 204, 220. சராசரி 216.

10 கிராம் வெந்தயப் பொடியை மோரில் கரைத்து, சாப்பிட உட்காரும்போது குடித்து, நான்கு நாள்: 189, 214, 178, 203. சராசரி 196.

ஆக 21 குறைந்திருக்கிறது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒன்றுமே மாற்றாத நான்கு நாளிலேயே 197க்கும் 238க்கும் நடுவில் 41 வித்தியாசம் வந்திருக்கிறது, பாருங்கள். வீட்டு மீட்டருக்கு உலகத் தரம் அனுமதிக்கும் பிழையே, சர்க்கரை அளவு 100க்கு மேல் இருந்தால், கூடவோ குறையவோ 15 சதவீதம். நிஜமான அளவு 200 என்றால் மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் மீட்டர் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. லேபில் இருந்தவரை இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு "எனக்குக் குறைந்தது" என்று யார் சொன்னாலும், இன்னும் எத்தனை நாள் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது தவறு, தண்ணீரில் ஒன்றுமில்லை என்றது. வெந்தயத்தில் 4-ஹைட்ராக்ஸி ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் உண்டு. வேறு உணவில் பார்ப்பது அபூர்வம். தண்ணீரில் கரையும். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும்போது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது என்று பிரித்தெடுத்த செல்களிலும் எலிகளிலும் காட்டியிருக்கிறார்கள். ஒரு ஸ்பூன் விதை ஊறிய தண்ணீரில் இறங்கும் அளவு மனித உடம்பில் ஏதாவது செய்யுமா என்பது வேறு. என் நோட்டில் செய்யவில்லை. "ஒன்றுமில்லை" என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

5 பிப்ரவரி, மதியம்

எத்தனை கிராம் என்று கேட்டவருக்கு.

ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1980களிலும் 1990லும் செய்த ஆய்வுகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1990 ஆய்வில் கொடுத்தது நாளுக்கு 100 கிராம். எண்ணெய் நீக்கிய பொடி, பாதி மதியச் சாப்பாட்டோடு, பாதி இரவுச் சாப்பாட்டோடு, பத்து நாள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதல் வகை நீரிழிவு நோயாளிகள் அவர்கள். சிறுநீரில் போகும் சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. செய்தியில் அந்த 54 மட்டும்தான் வரும், 100 கிராம் வராது.

நம் வீட்டு டீஸ்பூனில் தலைதட்டி எடுத்தால் நான்கு கிராம் கூட வராது. என் சமையல் தராசில் 3.7 காட்டியது. 25 ஸ்பூனுக்கு மேல் தின்ற ஆய்வின் பலனை ஒரு ஸ்பூன் ஊறிய தண்ணீரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் பட்டது அளவை விட, சாப்பாட்டோடு கொடுத்தார்கள் என்பதுதான். காலை ஆறு மணிக்குக் குடித்த பசை மதியம் ஒரு மணிச் சோற்றுக்குக் காவல் இருக்காது.

11 பிப்ரவரி

பொடி சாப்பிட ஆரம்பிப்பவர்கள் மூன்று கிராமில் ஆரம்பித்து ஏற்றுங்கள். எனக்கு முதல் வாரம் வயிறு உப்பியது, வேர்வையில் வெந்தய வாசனை அடித்தது. வாசனைக்குப் பயப்பட வேண்டாம். மாத்திரைக்கும் பொடிக்கும் இடைவெளி விடுங்கள், பசை மாத்திரையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கர்ப்பிணிகள் அதிக அளவில் எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

18 பிப்ரவரி

பாகற்காய் ஜூஸ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதை எழுத வேண்டும் என்று நானே நினைத்திருந்தேன்.

பாகற்காயில் சரண்டின், பாலிபெப்டைட்-பி என்று சில பொருள்கள் உண்டு. எலிகளில் சர்க்கரையை இறக்கியிருக்கின்றன. மனிதர்களில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு 2012ல் சொன்னது, இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் கிடையாது என்று. காயாகச் சாப்பிடுங்கள், தடையில்லை. பிட்லை வையுங்கள், வறுத்துச் சாப்பிடுங்கள். கசப்பான ஜூஸை வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, அதோடு சுகர் மாத்திரையும் போடும்போதுதான் எனக்குப் பயம்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு நடந்தது. எனக்கு அப்போது மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ். இரண்டு வாரமாகத் தினமும் காலையில் பாகற்காய் ஜூஸ். அன்றைக்கு ஏழரைக்கு ஜூஸ், உடனே மாத்திரை. எட்டரைக்கு இட்லி சாப்பிடலாம் என்று இருந்தேன். அன்று ரேஷனில் பருப்பு போடுகிறார்கள் என்று பக்கத்தில் சொன்னார்கள், பையை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றுவிட்டேன். பத்தரை மணிக்கு முன்னால் நின்ற பெண்ணின் சேலை பார்டர் இரண்டாகத் தெரிந்தது. உள்ளங்கை ஈரமாகி அட்டை வழுக்கியது. நெஞ்சு படபட என்று அடித்தது. வீடு இரண்டு தெரு தள்ளி. எப்படி வந்து சேர்ந்தேன் என்று இன்றைக்கும் தெளிவாக நினைவில்லை. குத்திப் பார்த்தால் 56.

வீட்டுக்காரர் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து 59. இன்னொரு டம்ளர் கொடுத்தார், 63. மேலே ஏறவே மாட்டேன் என்கிறது. பயந்து டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்கிறதா?" பேரன் காய்ச்சலுக்கு வாங்கிய பாக்கெட் இருந்தது. மூன்று ஸ்பூன் கரைத்துக் குடித்தேன். பத்து நிமிஷத்தில் 94.

காரணம் வோக்லிபோஸ். நாம் போடும் வெள்ளைச் சர்க்கரை குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஒட்டிய ஜோடி. குடலில் ஒரு நொதி அதைப் பிரித்தால்தான் ரத்தத்தில் ஏறும். அந்த நொதியைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. பிரிக்கத் தேவையில்லாத நேரடி குளுக்கோஸ்தான் உடனே ஏறும். 22 வருஷம் லேபில் இருந்தும் எனக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை, மாத்திரை அட்டையிலும் இல்லை. வோக்லிபோஸ், அகார்போஸ் எது சாப்பிடுகிறவராக இருந்தாலும் இன்றைக்கே ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பவுடர் வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள். வெளியே போகும்போது பையில் ஒரு பொட்டலம்.

ஜூஸால் இறங்கியதா, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நின்றதால் இறங்கியதா? இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று டாக்டர் சொன்னார். ஜூஸும் கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கலாம். அன்றோடு விட்டேன்.

19 பிப்ரவரி

நேற்றையதன் தொடர்ச்சி, ஒருவர் கேட்டதால். ஆம், அந்த நொதியைத் தடுக்கும் பொருள்கள் செடிகளிலும் உண்டு. அகார்போஸ் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிடமிருந்து வந்தது, வோக்லிபோஸின் மூலமும் அப்படித்தான். முசுக்கொட்டை இலையில், பட்டுப்புழு தின்னுமே, அதில் டீஆக்ஸி நோஜிரிமைசின் என்ற பொருள் இருக்கிறது. பார்க்கச் சர்க்கரை போலவே இருக்கும், நொதி அதைப் பிடித்துக்கொண்டு ஏமாந்துபோகும்.

இலங்கையில் கொத்தலஹிம்புட்டு என்ற கொடியின் கட்டையைக் குடைந்து கோப்பை செய்வார்கள். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார்கள், நீரிழிவுக்கு. என் தங்கை கண்டியிலிருந்து ஒன்று வாங்கி வந்தாள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அதே இனக் கொடியிலிருந்து சலாசினால் என்ற பொருளை 1997ல் கியோட்டோவில் பிரித்தெடுத்தார்கள், குடல் நொதியை நன்றாகவே தடுக்கிறது. பாட்டிமார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் விஷயம் இருக்கிறது என்றாலே மேலே எழுதிய ஆபத்தும் இருக்கிறது என்றுதான் பொருள். மாத்திரையோடு இதையும் குடித்தால் ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி.

2 மார்ச்

சிறுகுறிஞ்சான். நாட்டு மருந்துக் கடையில் பொடி கிடைக்கும், இலை கிடைத்தால் ஒருமுறை மென்று பாருங்கள். ஒரு இலையை நன்றாக மென்று, நாக்கு முழுக்கப் பரப்பி, துப்பிவிட்டு, சர்க்கரையை வாயில் போட்டேன். மணல். பல்லுக்கடியில் நறநற என்று மணல்தான், இனிப்பே கிடையாது. லட்டைக் கடித்தால் நெய்யும் கடலைமாவும் தெரிகிறது, இனிப்பு மட்டும் காணாமல் போயிருக்கிறது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது திரும்ப. ஜிம்னிமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துக்கொள்வதால் அப்படி.

இந்த அனுபவத்தில்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். நாக்கில் இனிப்பைக் கொன்றதே, ரத்தத்திலும் கொல்லும் என்று. நாக்கு வேறு, ரத்தம் வேறு. சென்னை தரமணியில் 1990ல் ஓர் ஆய்வு வெளியானது. 22 பேருக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாறு, 18 முதல் 20 மாதம், வழக்கமான மருந்தோடு. சர்க்கரை இறங்கியது, ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நம்ம ஊரில் நடந்த வேலை, எனக்குப் பெருமைதான். ஆனால் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் போலி மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு அல்ல. 22 பேர். இதை வைத்துக்கொண்டு மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வராது.

இலவங்கப்பட்டை பற்றி ஒரு வரி: கடையில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் கேசியா, அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் ஸ்பூன் கணக்கில் தின்றால் கல்லீரலுக்குக் கெடுதல். இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. சர்க்கரையை இறக்கும் என்ற ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பிரியாணிக்குப் போதும்.

9 மார்ச்

"இங்கிலீஷ் மருந்தெல்லாம் கெமிக்கல், செடி இயற்கை" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் விழுங்கும் மெட்ஃபார்மினின் பூர்வீகம் கலேகா என்ற ஐரோப்பியச் செடி. வெந்தயமும் அதுவும் ஒரே குடும்பம், அவரைக் குடும்பம். அந்தச் செடியில் இருந்த கலெஜின் சர்க்கரையை இறக்கியது, ஆனால் விஷம். அதே வழியில் தேடிப் போய், விஷம் குறைந்த உறவுப் பொருளாக மெட்ஃபார்மின் வந்தது. பிரான்ஸில் 1957ல் ஜான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதினார். இப்போது சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் வருகின்றனவே, அவற்றின் பாட்டன் ஆப்பிள் மரப்பட்டையில் 1835ல் கண்டெடுத்த ஃபுளோரிசின்.

செடியா மாத்திரையா என்று சண்டை வேண்டாம். மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்று அட்டையில் போட்டிருக்கிறது. இலையில் போட்டிருக்காது. எனக்கு அந்த ஒரு வித்தியாசம் போதும்.

24 மார்ச்

இதுவரை எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். பொடி, இலை, பட்டை என்று போய், சாப்பாட்டு இலையில் வைத்திருக்கும் காயை மறந்துவிட்டேன்.

கொத்தவரங்காயின் விதையில் இருப்பதும் காலக்டோமன்னன்தான். வெந்தயத்தின் பசைக்கு உடன்பிறப்பு. அந்த விதைப் பசையைத்தான் 1970களில் டேவிட் ஜென்கின்ஸ் குழு இங்கிலாந்தில் நீரிழிவு நோயாளிகளின் உணவில் கலந்து கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை இறங்குவதைக் காட்டியது. நாம் சமைப்பது பிஞ்சு, அதில் விதைப் பசை குறைவு, அந்த ஆய்வின் பலன் அப்படியே வராது. சரி, காயில் வேறு நார் இருக்கிறதே.

எனக்குப் பெரிய மாற்றம் தந்தது வரிசை. நாம் இலையில் சோறு வந்ததும் பிசைய ஆரம்பித்துவிடுவோம், பொரியல் தொட்டுக்கொள்ளத்தான். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகக் குழு 2015ல் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தது. ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் முதலில் ஒரு நாள். காயும் கோழியும் முதலில், கால் மணி நேரம் கழித்து ரொட்டி, இன்னொரு நாள். காய் முந்திய நாளில் ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் குறைவு. பதினொரு பேர்தான், சின்ன ஆய்வு. செலவில்லாத ஆய்வு என்பதால் நானும் செய்தேன்.

ஒரு கிண்ணம் கொத்தவரங்காய்ப் பொரியல், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு. அதை முழுக்கச் சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்துப் போட்டுவிட்டு வந்து சோறு. அதே 200 கிராம். ஏழு நாள் சராசரி 178. சோறு முதலில் சாப்பிட்ட ஏழு நாள் சராசரி 214. பொடியில் வந்த 21ஐ விட அதிகம், அதுவும் ஏழு நாள் கணக்கு. பருப்பு சேர்ந்ததால் சோறு வழக்கத்தை விட மெதுவாக இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் பங்கு இருக்கும்.

25 மார்ச்

பழைய சோறு கேட்டவருக்கு. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகிப்போய் குடல் நொதிக்கு மசியாது. இந்தோனேசியாவில் 2015ல் அளந்தார்கள்: அப்படி மசியாத மாவுச்சத்து சுடுசோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம், ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்துச் சூடாக்கியதில் 1.65. கூடியது ஒரு கிராம்தான். சர்க்கரை ஏற்றம் குறைந்தது உண்மை. ஆனால் ஒரு கும்பாவை இரண்டு கும்பாவாக்கினால் அந்த ஒரு கிராம் எங்கே நிற்கும்? சின்ன வெங்காயத்தோடு ஒரு கும்பாவோடு நிறுத்துங்கள்.

28 ஏப்ரல்

தம்பி அனுப்பிய அம்மாவின் பத்து நாள் கணக்கைப் பார்த்தேன். மாத்திரை மாற்றவில்லை, காய் முதலில், பொடி ஐந்து கிராம் மோரில். 198, 206, 191, 262, 203, 188, 210, 257, 199, 194. நல்ல மாற்றம். அம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த 262, 257 இரண்டும் என்னை உறுத்துகின்றன. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டு நாளும் பதினொன்றரைக்குக் கேழ்வரகுக் கஞ்சி, இரண்டு டம்ளர். கேழ்வரகின் தோலில் இருக்கும் பாலிஃபீனால்கள் நொதியைத் தடுக்கும் என்று மைசூர் ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள், அதனால்தான் எல்லோரும் நல்லது என்கிறார்கள். நைசாக அரைத்துச் சலித்த மாவில் தோல் பாதி போய்விடும். அதைக் கொதிக்க வைத்துக் கஞ்சியாக்கினால் மெல்லக்கூட வேண்டாம், நேராக இறங்கிவிடும். மதியம் பார்த்த அளவில் கஞ்சியின் மிச்சமும் சேர்ந்திருக்கலாம்.

அடுத்த முறை கஞ்சி குடிக்கும் நாளில் குடிப்பதற்கு முன்பு ஒருமுறை, குடித்து ஒரு மணி நேரத்தில் ஒருமுறை குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மாவு எத்தனை ஸ்பூன், சலித்ததா சலிக்காததா என்பதையும் எழுதுங்கள். இரண்டு ஸ்ட்ரிப் கூடுதலாகும், பரவாயில்லை.